பிலோமினா வீட்டு ஏழு ஓடு

மூணுசிலுவைக் கோயில் பங்கில் நல்லவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான். யாருக்காவது லேசாகத் தலைவலி என்றால் போதும், பிறரன்புக் குழு பன்னிரண்டு பேரும் ஜெபப் புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள். தலைவலிக்காரர் எழுந்து பன்னிரண்டு பேருக்கும் காபி போடுவார்.

இந்தத் தடவை அவர்களிடம் அகப்பட்டவள் தையற்காரி பிலோமினா. ஞாயிற்றுக்கிழமை ஊரில் பதினான்கு பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. பதினான்கு வெள்ளை உடுப்பும் அவள் மிஷினில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. கூரைத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலும் அந்தத் துணியில் காவிக்கறை பிடித்துவிடும். அப்புறம் வானத்திலிருந்து சம்மனசு இறங்கி வந்து துவைத்தாலும் போகாது. அவள் வீட்டுக் கூரையிலோ ஏழு ஓடு உடைந்து கிடந்தது. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

திங்கட்கிழமை பூசை முடிந்ததும் போய் சேசுராஜ் சாமியாரிடம் சொன்னாள். அவர் நான்கு நாள் தியானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குழுத் தலைவர் தொம்மை மிக்கேலைக் கூப்பிட்டு, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

“பழைய பள்ளிக்கூடத்து ஓடு கிணத்தடியில நிறைய அடுக்கியிருக்கு. இந்த அம்மா வீட்டுல உடைஞ்சிருக்கிற ஓடுகளை மட்டும் மாத்திக் குடுங்க. நல்ல ஓட்டுல கை வைக்காதீங்க. குழுவுல ஒருத்தர் விடாம எல்லாரும் வேலை செய்யணும். போன தடவை மாதிரி ரெண்டு பேர் செய்ய, பத்து பேர் போட்டோவுக்கு நிக்கக் கூடாது. முக்கியமா, இந்த அம்மாவுக்கு ஒரு சிரமமும் குடுக்காதீங்க.”

குழுச் செயலாளர் சவரிராயன் அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டான். இடையில் சாமியார் இருமியதையும் எழுதிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை குழு வந்து சேர்ந்தது. ஏணி வந்தது, ஓடு வந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் பேனர் வந்தது. ‘மாபெரும் கூரை சீரமைப்பு அன்புப் பணி’ என்று எழுதியிருந்த அதில் பன்னிரண்டு பேரின் படமும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தது. பிலோமினாவின் வீட்டுச் சுவரைவிடப் பேனர் பெரிதாக இருந்ததால் வாசலையும் சேர்த்துக் கட்டினார்கள். அவள் அதற்கடியில் குனிந்துதான் வெளியே வந்தாள்.

கித்தேரியான் ஏணியில் ஏறி எண்ணிவிட்டு, முகம் வாடி இறங்கினான்.

“தலைவரே, ஏழுதான் உடைஞ்சிருக்கு.”

“நல்லதாப் போச்சு. மாத்து.”

“நாம பன்னெண்டு பேரு.”

சவரிராயன் நோட்டைப் பிரித்து, “ஒருத்தர் விடாம எல்லாரும்” என்று வாசித்தான்.

“அப்போ அஞ்சு பேருக்குப் புண்ணியம் கிடையாதா?” என்று கேட்டார் இன்னாசி. ரத்ததான முகாமில் சர்க்கரை இருக்கிறதென்று அவரைத் திருப்பி அனுப்பியதிலிருந்தே அவர் மனசு சரியில்லை.

“ஏன் அண்ணாச்சி, ஏழு பேரு மேல ஏறுங்க. அஞ்சு பேரு கீழ நின்னு எடுத்துக் குடுங்க. அதுவும் வேலைதானே?” என்றாள் பிலோமினா.

தொம்மை மிக்கேல் அவளைப் பாசத்தோடு பார்த்தார். “தாயி, நீங்க பேசாதீங்க. உங்களுக்கு ஒரு சிரமமும் இருக்கக் கூடாதுன்னு சாமி சொல்லியிருக்காரு.”

அரைமணி நேரம் விவாதம் நடந்தது. மாற்றவேண்டியது உடைந்த ஓடு. ஐந்து பேருக்கு உடைந்த ஓடு இல்லை. ஆகவே இன்னும் ஐந்து உடைய வேண்டும். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சவரிராயன் மட்டும் நோட்டில் விரலை வைத்து, “நல்ல ஓட்டுல கை வைக்கக் கூடாதுன்னு இருக்கே!” என்று கலங்கினான்.

“கை எதுக்கு வைக்கணும்?” என்றான் கித்தேரியான். “கடப்பாரை இருக்குல்ல.”

இப்படி ஒரு மூளை நம் பங்கில் இருக்கிறதே என்று தொம்மை மிக்கேல் அவனைக் கட்டிக்கொண்டார்.

ஐந்து அடி விழுந்தது. ஒரு துண்டு சோற்றுப் பானைக்குள்ளும், ஒரு துண்டு மிஷின் பக்கத்திலும் விழ, பிலோமினா ஓடிப்போய் உடுப்புகளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். “அடப் பாவிகளா!” என்று அவள் போட்ட சத்தத்துக்கு, “சிரமப்படாதீங்க தாயி” என்று கூரையிலிருந்து பதில் வந்தது.

சத்தம் கேட்டு மரியாயின் சேனைப் பெண்கள் ஒன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்த ஞானசௌந்தரி டீச்சர் இடுப்பில் கைவைத்துக் கேட்டார்: “என்ன அண்ணாச்சி, புண்ணியத்தைப் பூராவும் ஆம்பளைங்களே அள்ளிக்கிட்டுப் போயிடலாம்னு பாக்கிறீங்களா?”

நியாயமான கேள்வி. இன்னும் ஒன்பது ஓடு உடைந்தது. அடுத்து பாடற்குழு ஆர்மோனியத்தோடு வந்தது. அவர்கள் பத்து பேர். ஒவ்வொரு தடவையும் கித்தேரியான் கூரைமேல் நடந்ததில் அவன் காலடியில் உடைந்தது தனி. அது யார் பங்கிலும் சேராது என்பதால் சவரிராயன் அதை நோட்டில் ஏற்றவில்லை.

இத்தனையிலும் ஒரு ஓடுகூட மாற்றியாகவில்லை. அதெப்படி, ஜெபம் சொல்லாமல் நல்ல காரியத்தை ஆரம்பிக்க முடியுமா? முதலில் பாட்டு, பிறகு ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை, பிறகு தலைவர் உரை, பிறகு ஓடு என்று ஏற்பாடு. ஜெபமாலையின் ஐந்து பத்துமணியில் மூன்றாவது நடக்கும்போது சவரிராயன் நோட்டில் முதல் சொட்டு விழுந்தது.

“உடுப்பு! உடுப்பு நனையப் போகுது, எதையாவது கொண்டாந்து மூடுங்க!” என்று பிலோமினா அலறினாள்.

“ரெண்டு பத்துமணிதான் பாக்கி தாயி” என்றார் தொம்மை மிக்கேல்.

பிலோமினா வாசலுக்குப் பாய்ந்தாள். பேனரை ஒரே இழுப்பில் அறுத்து உள்ளே கொண்டுபோய், மிஷின்மேலும் உடுப்புகள்மேலும் போர்த்தி, தானும் அதற்குள் புகுந்துகொண்டாள். அப்போதுதான் குழு மொத்தமும் பதறியது.

“ஐயோ தாயி, பேனர் நனையுது!”

சாமியார் பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையோடு வந்தபோது, முப்பத்தோரு பேர் எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள். பிலோமினா வீட்டுக்குள் தெருவில் பெய்கிற அதே மழை பெய்துகொண்டிருந்தது. நடுவீட்டில் கைகூப்பிச் சிரித்த பன்னிரண்டு முகங்களுக்கு அடியில் உட்கார்ந்து அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

தலையை நீட்டிச் சாமியாரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பீறிட்டது. “எனக்கு ஒரு உதவியும் வேண்டாம் சாமி! இவங்க வர்றதுக்கு முன்னால இருந்த மாதிரி விட்டாப் போதும்!”

சாமியாருக்குத் தியானத்தில் கிடைத்த அமைதியெல்லாம் அந்த இடத்திலேயே பறந்துவிட்டது. “கேட்டீங்களா? ஞாயித்துக்கிழமைப் பூசைக்குள்ள இந்த வீடு பழையபடி இருக்கணும்! நீங்க வர்றதுக்கு முன்னால எப்படி இருந்துச்சோ, அச்சு அசலா அப்படியே இருக்கணும்!”

சவரிராயன் ஈர நோட்டில் எழுதிக்கொண்டான்.

மிஷினும் உடுப்பும் சாமியார் வீட்டுக்குப் போயின. அவர் சாப்பாட்டு மேசைமேல் பிலோமினா மீதியைத் தைத்து முடித்தாள். குழு இந்தத் தடவை பேனர் கட்டவில்லை, போட்டோ எடுக்கவில்லை, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை உழைக்கிறது என்று சேதி வந்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தெருமுனையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சிவப்பாக, ஒழுங்காக, ஒரு பொத்தல் இல்லாமல் இருந்தது கூரை. அவர்களைத் திட்டியதை நினைத்து அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பிள்ளைகளும் துளிக் கறையில்லாமல் புதுநன்மை வாங்கினார்கள். பூசை முடிந்ததும் பிலோமினா நன்றி சொல்ல வார்த்தை தேடிக்கொண்டே சாமியாரோடு வீட்டுக்கு வந்தாள். குழு வாசலில் வரிசையாக நின்றது.

கதவைத் திறந்தாள். தரையில் வட்ட வட்டமாக வெயில் விழுந்திருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள்.

“ஏழு!” என்றார் தொம்மை மிக்கேல் பெருமையோடு. “நேத்து சாயங்காலமே கூரை முழுசும் மாட்டிட்டோம் சாமி. இன்னைக்குப் பூசைக்கு முன்னால ஏறி, அதே இடத்துல அதே ஏழையும் உடைச்சாச்சு. மிஷினுக்கு மேல ரெண்டு, கட்டிலுக்கு மேல நாலு, அடுப்புக்கு மேல ஒண்ணு.”

சாமியார் அப்படியே மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெயில் நேராக அவர் தலையில் விழுந்தது.

கித்தேரியான் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான்.

“மன்னிச்சிருங்க அக்கா, அந்த அடுப்புக்கு மேல இருக்கிற ஓட்டை மட்டும் கொஞ்சம் சின்னதாப் போச்சு. பள்ளிக்கூடத்து ஓடு, கெட்டி. உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, நாளைக்கு வந்து பழைய அளவுக்குப் பெருசாக்கிக் குடுத்துடறேன்.”