நான்கு கயிறு கட்டிய கை

ஆற்றுக்கு அக்கரையில் உமையாள் அம்மையின் வைத்திய மடம் இருந்தது. மனம் கலங்கிப் போனவர்களை ஊரார் ஓடத்தில் ஏற்றி அங்கே கொண்டுவருவார்கள்.

மடத்தில் நான்கு குடில்கள். பயந்தவர்களுக்கு ஒன்று, தூக்கம் தொலைத்தவர்களுக்கு ஒன்று, துயரத்தில் மூழ்கியவர்களுக்கு ஒன்று, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு ஒன்று. யார் வந்தாலும் முதலில் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டுவார்கள். கயிற்றின் நிறம்தான் குடிலைச் சொல்லும். மருந்தையும் அதுதான் சொல்லும்.

அன்றைக்குக் கயிறு கட்டும் வேலை முதன்முதலாகக் காராளருக்குக் கிடைத்திருந்தது. பாதி ஆயுளை வெற்றிலைக் கொடிக்காலில் இலை தரம் பிரித்தே கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு சீடராக வந்து சேர்ந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர். விடிந்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் துறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

மாலை ஓடத்தில் பூங்காவனம் வந்தாள். கூடவே அவள் அண்ணன் இருளப்பன்.

“என்ன தாயி பண்ணுது?”

“பயமா இருக்குங்க. எம் பையனுக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு.”

காராளர் மஞ்சள் கயிற்றைக் கட்டினார்.

“ராத்திரியெல்லாம் அவனையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். கண்ணை மூடினதே இல்லை.”

கறுப்புக் கயிறு.

சொல்லும்போதே அவள் அழுதாள். நிறுத்தத் தெரியாமல் அழுதாள். நீலக் கயிறு.

அதைக் கட்டும்போதுதான் அவள் உள்ளங்கையைப் பார்த்தார். தோல் உரிந்து வெந்த கிழங்குபோல் இருந்தது.

“ஓயாம கழுவிக்கிட்டே இருக்கா சாமி,” என்றான் இருளப்பன். “தொட்டித் தண்ணி தீர்ற வரைக்கும்.”

சிவப்புக் கயிறு! காராளருக்கு உடம்பு சிலிர்த்தது.

“நாலு!” என்று கத்தினார். “ஒரே ஆளுகிட்ட நாலு நோய்! இந்த மடத்துல யாருமே பாத்ததில்லை!”

குடில்களில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். தூக்கக் குடிலைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுருவி அவளுடைய ஒரு கையைப் பிடித்தாள்.

“எங்கிட்ட விடுங்க. தலைக்கு நல்லெண்ணெய் வெச்சுக் குளிப்பாட்டினா கண்ணு தானா சொருகும்.”

சிவப்புக் குடில் செங்கான் இன்னொரு கையைப் பிடித்தான். “குளிப்பாட்டுறதா? இவளைத் தண்ணியையே தொட விடக் கூடாது!”

“அப்ப எண்ணெயை நக்கியா எடுக்கறது?”

“எண்ணெயே வேணாங்கறேன்!”

இருளப்பனின் முகம் கறுத்துவிட்டது. தங்கையை இருவரிடமிருந்தும் பிடுங்கினான்.

“ஒண்ணுன்னு நெனச்சுக் கூட்டியாந்தேன். நாலுன்னா எங்கிருந்து தீரும்? வா பூவு. அறைக்குள்ள விட்டுப் பூட்டி வைக்கிறதைத் தவிர வேற வழியில்லை.”

துறையில் ஓடக்காரன் சங்கு ஊதினான். அன்றைக்கு அதுதான் கடைசி ஓடம்.

பூங்காவனம் காராளரைத் திரும்பிப் பார்த்தாள். “நாலு இருந்தா பொழைக்க மாட்டேனா சாமி?”

அவ்வளவு நேரம் இருந்த குதூகலம் காராளருக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. சமையற்கட்டுக்கு ஓடினார். உமையாள் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, சீக்கிரம் வாங்க! எந்தக் குடில்னு நீங்கதான் சொல்லணும். ஓடம் கிளம்பப் போகுது, அவளைப் பூட்டி வெச்சிருவாங்க!”

அம்மை அப்படியே எழுந்து வந்தாள். கயிறுகளை அவள் பார்க்கவில்லை. பூங்காவனத்தின் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

“முதல்ல என்னம்மா நடந்துச்சு?”

யாரும் அதுவரை அதைக் கேட்டிருக்கவில்லை.

“கெணத்து மேட்டுல பையனுக்குச் சீயக்காய் தேச்சுக்கிட்டு இருந்தேன். எங் கையிலிருந்து வழுக்கி உள்ள விழுந்துட்டான். தூக்கிட்டாங்கம்மா, நல்லா இருக்கான்.” அவள் கைகளை நீட்டினாள். “இந்த வழுக்கல்தான் போகவே மாட்டேங்குது.”

செங்கான் தலையைக் குனிந்துகொண்டான்.

“பாயை நடு முற்றத்துல போடுங்க,” என்றாள் அம்மை. “நாலு குடில்காரங்களும் இவ பக்கத்துல வந்து உக்காருங்க. சண்டை போட்டு முடிச்சுட்டு, எல்லாரும் சேந்து ஒரே மருந்தா சொல்லுங்க.”

இருளப்பன் இன்னும் தங்கையின் தோளை விடவில்லை. “நாலும் தீருமா தாயி?”

“வந்திருக்கறது ஒருத்திதானே. விட்டுட்டுப் போங்க. நாளைக்குப் பையனைக் கூட்டியாங்க.”

அவன் கையை எடுத்தான். ஓடம் அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

முற்றத்தில் பொன்னுருவியும் செங்கானும் எண்ணெயைப் பற்றி மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் நடுவில் பூங்காவனம், பையனின் சேட்டைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காராளரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“அம்மா, நான் கட்டினது தப்பா?”

“இல்லை. நீங்க பாத்தது நாலும் இருக்கு.”

“அப்ப நாலு நோய்தானே?”

“தெரியலை.”

“ஒண்ணா?”

“அதுவும் தெரியலை.”

“ஒரு நோய்க்கும் இன்னொரு நோய்க்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கணுமேம்மா!”

உமையாள் அம்மை குடில்களை ஒருமுறை பார்த்தாள்.

“அழறவங்க பக்கத்துல தூக்கம் வராதவங்களைப் படுக்க வைக்க முடியலை. அதனால மண்ணைக் குழைச்சு இந்தச் சுவரையெல்லாம் நான்தான் எழுப்பினேன் காராளரே. இங்கதான் எழுப்பினேன். அவளுக்குள்ள போய் எழுப்பலை.”