மேலக்கொடிப்பட்டியில் ஏர்லாக் வாங்கிய கதை

மேலக்கொடிப்பட்டிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களுக்கு வந்த வினையெல்லாம் அந்த ஒரு குணத்தால் வந்ததுதான்.

கம்பம் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர். அந்த வருஷத் திருவிழாவுக்கு ஊர்த் திராட்சையிலேயே மூன்று பெரிய ஜாடியில் ஒயின் போட்டு, சப்பர ஊர்வலத்தோடு வேதக்கோயிலுக்குக் கொண்டுபோய், எல்லாருக்கும் ஒரு மடக்கு கொடுப்பதென்று பங்குப் பேரவை தீர்மானித்தது. பேரவை என்றால் நாலு பேர். திராட்சை யாருடையது என்ற கேள்வி வந்ததும் மூன்று பேர் கூரையைப் பார்த்தார்கள். நாலாவது ஆளான இன்னாசிக்குப் பார்க்க வேறு இடம் இல்லை. "என் தோட்டத்துல எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

பத்து வருஷமாகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர். பேரவையில் அவர் பேசி எழுதிக்கொள்ளப்பட்ட முதல் வார்த்தை அதுதான். வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் பெருமையாகவும், நிறையப் பயமாகவும் இருந்தது. அவரிடம் இருந்த பழமெல்லாம் அந்த ஒரு தோட்டத்துப் பழம்தான்.

பங்குச்சாமியார் பதினைந்து நாள் தியானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். திருவிழா ராத்திரிப் பூசைக்குத்தான் திரும்புவார். ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டே சொன்னார்: "வாயை அளந்து பார்த்து அதுக்கேத்த ரப்பர் கார்க் வாங்குங்க. ஏர்லாக் மாட்டுங்க. காத்து வெளியே போகணும், உள்ளே வரக்கூடாது. குமிழி நின்னாத்தான் ஒயின் தயார். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சாமி" என்றார்கள் நாலு பேரும். செயலாளர் சூசை ஒரு வார்த்தை விடாமல் எழுதியும் கொண்டார்.

மறுநாள் காலை தையற்காரரை வரவழைத்து வாயை அளந்தார்கள். தலைவர் மிக்கேலுக்கு இரண்டேகால் அங்குலம். சூசைக்கு ஒன்றேமுக்கால். ராயப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு அளக்கச் சொன்னதில் இரண்டு சரியாக வந்தது. இன்னாசி கூச்சத்தில் வாயைப் பாதிதான் திறந்தார்.

"ஜாடி மூணு, வாய் நாலா இருக்கே?" என்றார் சூசை.

"இன்னாசி எங்க பேசறாரு? அவர் வாயை விட்டுரு" என்றார் மிக்கேல்.

அடுத்தது ஏர்லாக். இங்கேதான் பெரிய விவாதம் வந்தது.

"ஏர்லாக்குன்னா மோட்டார்ல விழுமே, தண்ணி ஏறாமப் போகுமே, அதுதான?" என்றார் ராயப்பன். "அதை எடுக்கத்தான் நாம மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். போடச் சொல்றாரே சாமி?"

"சாமி சொன்னா காரணம் இருக்கும்" என்றார் மிக்கேல்.

"சரி, அது எங்க கிடைக்கும்?" என்றார் சூசை.

முதல்முறையாக இன்னாசிக்கு ஒரு யோசனை தோன்றியது. "மெக்கானிக் வெள்ளைச்சாமி முப்பது வருஷமா எல்லா மோட்டார்லயும் ஏர்லாக் எடுத்திருக்காரு. எடுத்ததெல்லாம் எங்கயாவது போட்டு வச்சிருப்பாருல்ல?"

மூன்று பேரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள்.

வெள்ளைச்சாமி பட்டறையில் எண்ணெய்க் கையோடு நின்று முழுவதையும் கேட்டார். "நல்லதா மூணு குடுங்கண்ணே, பழசா இருந்தாலும் பரவாயில்ல" என்றார் இன்னாசி. வெள்ளைச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு மதுரையில் ஒரு கடையின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூட ஆய்வகச் சாமான் விற்கிற கடை.

மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். கடைக்காரர் ஒரு ரப்பர் கார்க்கை எடுத்து வைத்தார். நடுவில் துளை.

"ஏங்க, ஓட்டையை அடைக்கிற சாமான்லயே ஓட்டை இருக்கே?" என்றார் ராயப்பன்.

"அதுலதான் இதைச் சொருகணும்." வளைந்து நெளிந்த கண்ணாடிக் குழாய் ஒன்றைக் காட்டினார் கடைக்காரர். "வளைவுல பாதிக்குத் தண்ணி ஊத்திருங்க. உள்ள இருக்கிற காத்து தண்ணியைத் தள்ளிட்டு வெளிய போயிரும். வெளிக்காத்து உள்ள வராது."

"ஏன் வராது?"

"தண்ணி மறிக்கும்."

"வெளிய போறப்ப மறிக்காதா?"

கடைக்காரர் குழாயைக் கீழே வைத்தார். பிறகு, "ஜாடி வாய் எவ்வளவு?" என்று கேட்டார்.

"ரெண்டேகால்" என்று சொல்லி மிக்கேல் வாயைத் திறந்து காட்டினார்.

ஊருக்கு வந்து மாட்டிப் பார்த்தால் மூன்று கார்க்கும் ஜாடிக்குள் விழுந்துவிட்டன. அடுத்த முறை, கடைக்காரர் கேட்டுக்கொண்டபடி, ஒரு ஜாடியையே பஸ்ஸில் தூக்கிப் போனார்கள். அதன் பிறகு எல்லாம் சரியாகப் பொருந்தியது. திராட்சையை மிதித்து, ஊற்றி, கார்க் அடித்து, குழாய் சொருகி, தண்ணீர் விட்டார்கள். இரண்டாம் நாள் மூன்று ஜாடியும் குபுக், குபுக் என்று பேச ஆரம்பித்தன. இன்னாசிக்குக் கண் கலங்கியது.

அவை பேசுவதை நிறுத்தவில்லை. திருவிழா அன்று காலையிலும் குபுக், குபுக்.

பேரவை அவசரமாகக் கூடியது.

"குமிழி நின்னாத்தான் ஒயின் தயார்னு எழுதியிருக்கு" என்று படித்தார் சூசை.

"அப்ப குமிழியை நிறுத்தணும்" என்றார் மிக்கேல்.

குழாயைப் பிடுங்கிவிட்டு, கார்க்கின் துளையில் கோயில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினார்கள். குமிழி நின்றது. நாலு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். "ஒயின் தயார், காலை 9.10" என்று சூசை எழுதினார்.

ஒன்பதரைக்கு முதல் கார்க் கிளம்பியது. கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு போனது போனதுதான். பின்னாலேயே ஒயின் எழும்பி நாலு பேரையும் ஊதாவாக்கியது. "தயாரான ஒயின் ஏன் இப்படிப் பண்ணுது?" என்று மிக்கேல் கேட்டு முடிப்பதற்குள் இரண்டாவதும் போய்விட்டது.

இன்னாசி மூன்றாவது ஜாடியைப் பார்த்தார். கார்க் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. அவர் தோட்டத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். யாரையும் கேட்கவில்லை. இடுப்புயர ஜாடிமேல் ஏறி, கார்க்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இறங்குய்யா, தூக்கி எறிஞ்சிரும்!"

"இறங்கினாத்தான் எறியும்" என்றார் இன்னாசி. அன்றைக்குப் பேரவை சொன்னதில் அது ஒன்றுதான் சரி.

மதியம் மனைவி ஆரோக்கியம் வந்து பார்த்துவிட்டு, சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டுப் போனார். நாலு மணிக்கு மேளம் கேட்டது. ஒயின் ஊர்வலத்தில் போயாக வேண்டும், இது தீர்மானம். இன்னாசி எழுந்திருக்க முடியாது, இது நிலவரம். பேரவை இரண்டையும் மதித்து, காலிச் சப்பரம் ஒன்றில் ஜாடியை ஏற்றியது, அவரோடு சேர்த்து. சும்மா போனால் நன்றாயிருக்காதென்று மாலையும் போட்டார்கள்.

முன்னால் சப்பரங்களில் மூன்று புனிதர் சுரூபங்கள் போயின. நாலாவதாக இன்னாசி, ஊதா நிறத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, அசையாமல்.

பக்கத்து ஊர் ஞானப்பூ சப்பரத்துக்கு நேர்ச்சையாகப் போட கையில் உப்பும் மிளகும் வைத்துக்கொண்டு நின்றார். "இது யாருங்கய்யா, புதுசா இருக்கு?"

"இன்னாசிங்கம்மா" என்றார் சூசை. "காத்தை அடக்கிட்டு உக்காந்திருக்காரு."

"புனித இன்னாசியாரா! காத்தை அடக்குவாரா?" ஞானப்பூ கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மூணு வருஷமா வாயுத் தொல்லைய்யா, நெஞ்சை அடைக்குது. நீங்கதான் பாக்கணும்!" உப்பும் மிளகும் வந்து இன்னாசியின் மூக்கில் விழுந்தன.

இன்னாசி தும்மினார். கார்க் ஒரு நூல் நகர்ந்தது. ஜாடி, தெரு முழுக்கக் கேட்கும்படி, "குபுக்" என்றது.

அதே நேரத்தில் ஞானப்பூவுக்கு ஓர் ஏப்பம் வந்தது. சாதாரண ஏப்பமில்லை, மூன்று வருஷத்து ஏப்பம். மேளக்காரர்களே ஒரு அடி தவறவிட்டார்கள்.

"கேட்டுருச்சு! சாமி கேட்டுருச்சு!" என்று அவர் கூவ, கூட்டம் மற்ற மூன்று சப்பரத்தையும் விட்டுவிட்டு நாலாவதைச் சூழ்ந்தது. எல்லார் கையிலும் உப்பு, மிளகு.

இன்னாசி பதறி வலது கையைத் தூக்கி, "என்னை இறக்கி விடுங்கப்பா!" என்று கத்தினார். மேளச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. தூக்கிய கை மட்டும் தெரிந்தது. தெருவே முழந்தாளிட்டது.

இன்னாசி தூக்கிய கையை இறக்கப் பார்த்தார். அப்புறம், எல்லாரும் காத்திருக்கிறார்களே என்று, கூட்டத்தைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டு வைத்தார்.