வால்கம்பி

பயிற்சி விமானம் ஒன்றில் ஒரு வால்கம்பி இருந்தது. விமானி கையிலிருக்கும் ஸ்டிக்கை இழுத்தால் கம்பி வாலை அசைக்கும், மூக்கு மேலே எழும். அவ்வளவுதான் வேலை. அது நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

கம்பி ஒரு கப்பியின் மேல் ஓடியது. கப்பி துருப்பிடித்து, சுற்றுவதையே விட்டுவிட்டது.

“உரசுதுப்பா. கொஞ்சம் சுத்தேன்” என்றது கம்பி.

“நான் சுத்தாமலே நீ போயிட்டு வந்துட்டுத்தானே இருக்கே?”

“என் இழையெல்லாம் அறுந்துக்கிட்டிருக்கு.”

“என்கிட்ட ஏன் அழறே? மேல சொல்லு.”

மனிதர்களிடம் சொல்லக் கம்பிக்கு ஒரே வழி, இறுகுவது. இறுகியது.

அன்று மாணவி நஸ்ரின் முதன்முறையாகத் தனியே பறக்க வேண்டும். பயிற்சியாளர் எபினேசர் விமானத்தை விட்டு இறங்குமுன் ஸ்டிக்கை ஆட்டிப் பார்க்கச் சொன்னார்.

“டைட்டா இருக்கு சார்.”

“இந்த வண்டி எப்பவும் அப்படித்தாம்மா. நான் ஓட்டலையா? ஃப்ரீன்னு சத்தமாச் சொல்லு.”

முறை அது. தடையில்லாமல் அசைகிறது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கிளம்பலாம்.

“ஃப்ரீ” என்றாள்.

“கேட்டியா? நீ ஃப்ரீயாம்!” கப்பி சிரித்தது.

கம்பி மிச்சமிருந்த இழைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

விமானம் எழுந்தது. வட்டமடித்து இறங்கத் திரும்பியபோது நஸ்ரின் ஸ்டிக்கை இழுத்தாள். கம்பி அறுந்தது. ஸ்டிக் வெறுமனே வந்தது. மூக்கு கவிழ்ந்தது.

“சார், இழுத்தா ஒண்ணும் வரல! ஒண்ணுமே வரல!” ரேடியோவில் அலறினாள்.

தரையில் நின்ற எபினேசர் ரேடியோவை வாயருகே கொண்டுபோனார்.

“ஸ்டிக்கை விடு. பக்கத்துல ட்ரிம் சக்கரம். பின்னாடி சுத்து, மெதுவா. பவரைக் கூட்டு.”

அந்தச் சக்கரம் அசைப்பது வாலின் ஓரத்துச் சின்னத் தகட்டை. அதற்குத் தனிக் கம்பி; அதுவும் மூக்கைக் கொஞ்சம் தூக்கும்.

“என் பலம் இதுக்குப் பத்தாதே” என்றது தகடு.

“இருக்கிறதைக் குடு. உள்ளே ஒரு பொண்ணு இருக்கு” என்றது அறுந்த கம்பி.

தகடு கொடுத்தது. மூக்கு பாதிதான் எழுந்தது. விமானம் ஓடுபாதையில் மோதி முன்சக்கரம் ஒடிந்து நின்றது.

நஸ்ரின் மணிக்கட்டைப் பிடித்தபடி இறங்கினாள். எபினேசர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“நான் சொன்னேன் சார்” என்றாள்.

அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் அறுந்த கம்பியை உருவி வெளியே எடுத்தார். கப்பி இப்போது சிரிக்கவில்லை.

“கத்தியிருக்கலாமேப்பா நீ” என்றது.

“இறுகி இறுகிக் கத்தினேன். அதைத்தான் என் குணம்னு சொல்லிட்டாங்க.”