வௌவாலுக்குத் தரை இல்லாமல் போன கதை

அந்தக் காலத்தில் எறும்பு முதல் யானை வரை எல்லாம் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. வௌவாலும் மற்றவர்களைப் போலத் தரையில்தான் நடந்தது, தரையில்தான் படுத்தது.

ஒரு மலைக்குகையில் சாந்தமதி என்ற சமணப் பெண்துறவி தங்கியிருந்தார். மழைக்காலத்தில் ஊர் ஊராக நடந்தால் புழுபூச்சிகள் மிதிபடும் என்று ஒரே இடத்தில் இருந்துவிடுவது அவர்கள் வழக்கம். உட்காரும் முன் மயிற்பீலியால் தரையை மெல்லக் கூட்டுவார், ஓர் எறும்புகூட நசுங்கிவிடக் கூடாதே என்று.

இதைப் பார்த்த வௌவால், தானும் துறவி என்று சொல்லிக்கொண்டு, தனக்கென்று ஒரு மயிற்பீலியோடு குகைக்குள் வந்தது. வீட்டை விட்டது, உறவை விட்டது, எல்லாம் சரிதான். வந்த கொஞ்ச நாளிலேயே "என் மூலை, என் கல்" என்று ஆரம்பித்துவிட்டது. வீட்டையே விட்டு வந்தவனுக்கு மூலை எதற்கு?

ஒருநாள் துறவி உணவு ஏற்க ஊருக்குள் போயிருந்தபோது பெருமழை பிடித்துக்கொண்டது. புதரடியில் இருந்த கௌதாரியின் கூட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. கௌதாரி குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு குகை வாசலுக்கு வந்தது.

"சாமி, மழை விடுற வரைக்கும் ஓரமா ஒண்டிக்கிறோம்."

"பிள்ளகுட்டிக்காரங்களுக்கு இங்க இடமில்ல. என் விரதம் கெட்டுடும்" என்றது வௌவால்.

"குஞ்சுங்க நடுங்குது சாமி! அதுங்கள மட்டுமாவது உள்ள விடுங்க."

வௌவால் தன் மயிற்பீலியை எடுத்தது. எறும்பைக் காக்க வைத்திருந்த பீலி! அதாலேயே அந்தக் குஞ்சுகளைக் குப்பையைப் போல மழையில் கூட்டித் தள்ளியது. அப்புறம் தரையையும் சுத்தமாகக் கூட்டிவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டது.

துறவி திரும்பியபோது கௌதாரி வாசலில் சிறகை விரித்துக் கிடந்தது. அதனடியில் குஞ்சுகள் வெடவெடத்துக்கொண்டிருந்தன. கடைக்குட்டி மட்டும் அசையவில்லை. துறவி எல்லாரையும் உள்ளே தூக்கி வந்து தன் படுக்கையில் விட்டார்.

"ஏம்ப்பா, என்னத்தத்தான் விட்டுட்டு வந்த நீ?" என்று வௌவாலைக் கேட்டார்.

"இடம் சுத்தமா இருக்கணும்ல" என்றது அது.

அவர் சபிக்கவில்லை. சபிப்பது அவர் விரதத்துக்கு ஆகாது.

எறும்புகளுக்கு அப்படி எந்த விரதமும் இல்லை. "எங்களக் காப்பாத்துற பீலியாலயா ஒரு குஞ்சக் கொன்ன?" என்று சாரை சாரையாகக் கிளம்பி வந்து வௌவாலின் காலைக் கடித்துக் குதறின. வௌவால் அலறிக்கொண்டு சுவரில் ஏறியது. அங்கேயும் விடவில்லை. மழைநீர் கசிந்த கூரைப்பாறையில் மட்டும் எறும்புகளால் ஏற முடியவில்லை. அதை நகத்தால் பற்றிக்கொண்டு வௌவால் தலைகீழாகத் தொங்கியது. இறங்கலாம் என்று பார்த்தபோதெல்லாம் கீழே எறும்புகள் காத்திருந்தன.

அன்று முதல்தான் வௌவாலுக்குத் தரையில் இடமில்லை, தொங்கியே கிடக்கிறது. அதைப் பார்த்தும் "ஆகா, என்ன தவம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள நம்மில் ஆள் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.