ஓடைத் தவளைக்குக் கால் பேசிய கதை

பாறைமேல் நின்று காலை வீசும் ஓடைத் தவளையைக் கண்டு வியக்காதவர் இல்லை. அதை அவனுக்குக் கற்றுக் கொடுத்தவளைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவள் பெயர் சுனைச்சி.

உயிர்களெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலைக்காட்டின் அருவியடியில் அவள் தன் கணவன் பாறையனோடு வாழ்ந்தாள். மற்ற தவளைகள் முட்டையைத் தண்ணீரில் விட்டுப் போயின; மீன்கள் தின்று கொழுத்தன. சுனைச்சியோ பின்னங்கால்களால் ஓடையின் அடிமணலைத் தோண்டி, முட்டையிட்டு, மூடி வைத்தாள். அந்த வேலை தெரிந்தவள் காட்டில் அவள் ஒருத்திதான்.

தோண்டுபவளுக்கு முதுகுப்பக்கம் தெரியாது. ஆகவே எதிர்ப்பாறையில் பாறையன் காவல் இருந்தான். தண்ணீர்ப்பாம்பு வந்தால் கத்த வேண்டும். குளத்துத் தவளைகளே மெச்சிய குரல் அவனுடையது. அந்தக் கர்வமும் அவனுக்கு உண்டு.

ஐப்பசியில் அருவி பெருகியது. பாம்பு வந்தது, அவன் கத்தினான், அவளுக்குக் கேட்கவில்லை. பாம்பின் மூச்சு முதுகில் பட்ட பிறகே கல்லிடுக்கில் பாய்ந்து தப்பினாள். மூடாத குழியிலிருந்த முட்டைகளை மீன்கள் தின்றுவிட்டன.

"தொண்டை கிழியக் கத்தினேனே புள்ள, கேக்கலையா?"

"கேட்டுச்சு மச்சான், அருவிக்கு."

அந்த மழைக்காலத்தில் அவள் வயிற்றில் இன்னும் ஒரு ஈடு முட்டைதான் மிச்சம். இனிக் குரலை நம்ப முடியாது, பின்னங்காலை நீட்டி விரல்களை விரித்துக் காட்டு என்றாள்.

"அட்டை கடிச்சவன் மாதிரி உதறச் சொல்றியா? குளத்துக்காரன் சிரிப்பான்."

"சிரிச்சிட்டுப் போறான். போன மானம் திரும்பும், முட்டை திரும்பாது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பாறைமேல் ஏறினான்.

மூன்றாம் நாள் பாம்பு மறுபடி வந்தது. பழக்கதோஷத்தில் பாறையன் முதலில் கத்தினான். அவள் கால்கள் தோண்டிக்கொண்டே இருந்தன. பாம்புக்கும் அவளுக்கும் ஒரு சாண் இடைவெளி. அப்போது அவன் கர்வத்தை விழுங்கிவிட்டுக் காலைப் பின்னால் நீட்டி, விரலிடைச் சவ்வு வெளுத்துத் தெரிய விரித்தான். சுனைச்சி அதைக் கண்டாள். குழியின்மேல் பழுப்புச் சருகாய்ப் படிந்து அசையாமல் கிடந்தாள். பாம்பு அவளைக் கடந்து போயிற்று. அவள் எழுந்து, விட்ட இடத்திலிருந்து தோண்டினாள்.

அன்று முதல்தான் அருவியடி ஆண் தவளைகள் குரலோடு காலையும் வீசுகின்றன. காண்பவர்கள் அதை நடனம் என்கிறார்கள். சுனைச்சி ஆடவில்லை. மேலும் மூன்று மழைக்காலம் ஓடையில் குழி தோண்டினாள், முட்டையிட்டாள், மூடினாள். நான்காவது மழைக்கு முன் சருகுக்கடியில் இறந்துபோனாள்.