ஒரே குழியில் முப்பது

ஆவுடையப்பன் தன் ஆசிரியையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஜெயிலில் எழுத்துப் படித்தவர். வெளியே வந்ததும் விவசாயச் சங்கத்தில் சேர்ந்தார்.

ஜெபமணி டீச்சர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து, சங்கத்துக் கொட்டகையில் உயிர்களின் வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பார். எந்த உயிரும் இன்றிருப்பதுபோல என்றும் இருந்ததில்லை என்று அவர் சொன்ன அன்று ஆவுடையப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்போ மனுஷனும் மாறுவான், இந்த ஊரும் மாறும். அப்படித்தானே டீச்சர்?"

"மாறும் அண்ணாச்சி. எந்தப் பக்கம்னு நான் சொல்லலை."

அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் காதில் வாங்கவில்லை.

ஊர் தேரி என்னும் மணல்மேட்டின் ஓரத்தில் இருந்தது. ஆடிக் காற்றில் செம்மணல் நகர்ந்து வந்து வயல்களை மூடும். வருஷத்துக்கு வருஷம் மணல் முன்னால் வந்தது, ஊர் பின்னால் போனது. மணலைத் தடுக்க வரப்பு முழுக்கச் சவுக்கு நடுவது என்று சங்கம் முடிவு செய்தது.

எப்படி நடுவது என்பதில்தான் வழக்கு வந்தது.

மாவட்டக் கூட்டத்துக்குப் போய்வந்த ஆவுடையப்பன் ஒரு புதுச் செய்தியோடு வந்தார். ருஷ்யாவில் ஒரே குழியில் முப்பது கன்றுகளை நடுகிறார்கள். ஒரே இனத்துக்குள் போட்டி கிடையாது. கன்றுகள் எல்லாம் சேர்ந்து களையை விரட்டும். பிறகு நலிந்தவை மற்றவைக்காகத் தாமே விட்டுக்கொடுத்துச் சாகும்.

"விட்டுக்கொடுத்துச் சாகுதுன்னு எந்தக் கன்னு அண்ணாச்சி உங்ககிட்டச் சொல்லிச்சு?" என்றார் டீச்சர்.

கொட்டகையில் சிரித்தார்கள். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

"இங்கே தண்ணி கொஞ்சம். குழிக்கு ஒண்ணு வையுங்க. தள்ளித் தள்ளி வையுங்க."

"அடுத்தவனை நசுக்கினாத்தான் வாழ முடியும்னு நம்ம ஊர்ப் பண்ணையார் சொல்லுதாரு. நீங்களும் அதையே சொல்லுதீயளா?"

"நான் தண்ணியைப் பத்திச் சொல்றேன்."

அடுத்த கூட்டத்தில், டீச்சரின் பாடம் முதலாளிகளின் பாடம் என்று தீர்மானம் வந்தது. இனி அவர் வரவேண்டாம் என்றார்கள். ஆவுடையப்பனும் கை தூக்கினார். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மழைக்குப் பின் முப்பது முப்பதாக நட்டார்கள். கன்றுகள் பச்சைப் பிடியாக எழுந்து நின்றன. கோடை வந்ததும் பெண்கள் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்கள். கிணறு வற்றியபோது, குடிக்க வைத்திருந்த தண்ணீரிலும் பாதியைக் கொண்டுபோய் ஊற்றினார்கள். ஆவுடையப்பனின் தங்கை மாடத்திக்குச் சுமந்து சுமந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் ஒருநாள்கூடச் சுமப்பதை நிறுத்தவில்லை.

கன்றுகள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. எதுவும் வளரவில்லை. எதுவும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. நுனியில் மஞ்சள் ஏறியது.

ஒருநாள் ஆவுடையப்பன் தனியாகப் போய் ஒரு குழியின் முன் குத்தவைத்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கலாம் என்றுதான் போனார். ஒரு கன்றைப் பிடித்தார், விட்டார். இன்னொன்றைப் பிடித்தார். எதைச் சாகடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வெயில் சாயும்வரை அப்படியே இருந்துவிட்டு எழுந்து வந்தார்.

ஆனி முடிவதற்குள் முப்பதும் சேர்ந்தே கருகின. வரப்பு முழுக்க அப்படித்தான். ஆடியில் மணல் வந்தது. இந்தத் தடவை கீழ வயல் முழுக்கப் போயிற்று. மாடத்தி குடும்பமும் இன்னும் பல குடும்பங்களும் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போயின. போகும்போது மாடத்தி அண்ணனிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக் கதவை மட்டும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

ஆவுடையப்பன் பாளையங்கோட்டைக்குப் போனார்.

டீச்சர் அவரை உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார். தீர்மானத்தைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் ஆவுடையப்பனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"பண்ணையார் சொன்னதுதான் சரியா டீச்சர்? இயற்கை அவரு பக்கந்தானா?"

டீச்சர் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"இங்கிலாந்துல ஒரு பாதிரியார் இருந்தார். ஏழைக்குச் சோறு போட்டா ஏழைங்க பெருகுவாங்க, சோறு பத்தாமப் போகும்னு எழுதினார். பல வருஷம் கழிச்சு உயிர்களை ஆராய்ஞ்ச ஒருத்தர் அதைப் படிச்சார். காட்டுல நடக்கிறதும் இதுதானேன்னு அவருக்குத் தோணிச்சு."

"அவரு பாத்தது பொய்யா?"

"பொய் இல்லை. பாத்தது நிஜம். ஆனா அதைச் சொல்லப் போட்டிங்கிற வார்த்தையைச் சந்தையிலிருந்து எடுத்தார். பிறகு சந்தைக்காரங்க வந்தாங்க. பாத்தீங்களா, காடே எங்களை மாதிரிதான் இருக்குன்னு சொன்னாங்க."

"நாங்க?"

"நீங்க சங்கத்துக் கூட்டத்தைக் கொண்டுபோய் மணல்ல நட்டீங்க."

ஆவுடையப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாங்க நல்லதுக்குத்தான் நெனச்சோம் டீச்சர். ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசையா இருக்கும்னு."

"சில உயிர் ஒத்தாசையா இருக்கும். சிலது இருக்காது. தண்ணி இருக்கிறப்ப இருக்கிறது, இல்லாதப்ப இருக்காது."

"அப்போ இயற்கை எங்க பக்கமும் இல்லை."

"இல்லை."

தெருவில் ஒரு ஜட்கா போன சத்தம் கேட்டு அடங்கியது. ஆவுடையப்பன் தலை நிமிராமலே கேட்டார்.

"நாங்க எதை நம்பி நிக்கிறது?"

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். காடு உங்க பக்கம் இல்லைன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. உப்பளத்துல கிடக்கிற அந்த ஜனங்களை விட்டுருவீங்களா?"

"அது எப்படி விட முடியும்?"

"அப்புறம் எதுக்குச் செடிகிட்டப் போய் உத்தரவு கேட்டீங்க?"