ராஜாவின் அரிப்பும் பூங்காவனத்தின் குப்பைமேனியும்

முன்னொரு காலத்தில் வேங்கைநாடு என்றொரு நாடு. அதை ஆண்ட ராஜாவுக்கு இடிமுழக்க வர்மன் என்று பெயர். பெயர்தான் இடி, மனசோ காற்றாடி. காலையில் ஒருவனைக் கட்டிப்பிடித்துப் பதவி கொடுப்பார், மாலையில் அவனையே நாடு கடத்துவார், மறுநாள் சாப்பாட்டு வேளையில் "எங்கே அவனைக் காணோம்?" என்று தேடுவார்.

அப்பேர்ப்பட்ட ராஜாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு வந்துவிட்டது. சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி செங்கோலாலேயே முதுகைச் சொறிந்தார். ராஜா சொறியும்போது மற்றவர்கள் சும்மா இருந்தால் மரியாதையா? தளபதி சொறிந்தார், புலவர் சொறிந்தார், சாமரம் வீசுகிறவள்கூட ஒரு கையால் வீசி மறு கையால் சொறிந்தாள்.

அரண்மனை வைத்தியர் கஸ்தூரிரங்க பண்டிதர் குங்குமப்பூவையும் கஸ்தூரியையும் முத்துப்பொடியையும் குழைத்துப் பூசினார். ராஜா கமகமவென்று மணத்தார். அரிப்பு மட்டும் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பண்டிதர் காதில் ஒரு சேதி விழுந்தது. கோட்டைக் காவலர்களுக்கும் இதே அரிப்பு வந்ததாம், குதிரைலாயத்துக்குப் புல்லுக்கட்டு போடும் பூங்காவனம் ஏதோ பச்சிலை அரைத்துக் கொடுத்தாளாம், எல்லோருக்கும் குணமாகிவிட்டதாம். பண்டிதருக்கு வயிறு பற்றி எரிந்தது. 'மூலிகை வளர்க்கும் உரிமை அரண்மனை வைத்தியசாலைக்கு மட்டுமே. மீறினால் தோட்டம் அழிக்கப்படும்' என்று ராஜா பெயரில் ஆணை போட்டு, அவளைச் சபைக்கு இழுத்து வரச் சொன்னார்.

பூங்காவனத்தின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது நாலே நாலு பாத்தி. துளசி, தூதுவளை, ஓமவல்லி, குப்பைமேனி. விடிந்ததும் அதில் கை வைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. காவலர்கள் வந்தபோது களைதான் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு குப்பைமேனிச் செடியை மண்ணோடும் வேரோடும் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு நடந்தாள். 

"காவலர்களுக்கு என்ன கொடுத்தாய்?" என்றார் ராஜா, தொடையைச் சொறிந்தபடி.

"குப்பைமேனி இலையை மஞ்சளும் துளி உப்பும் வைத்து அரைத்துப் பூசக் கொடுத்தேன், மகாராஜா. உங்களுக்கும் அரைத்துத் தரட்டுமா?"

பண்டிதர் துள்ளி எழுந்தார். "மகாராஜா மேனியில் குப்பையா! கேட்டீர்களா இந்த அநியாயத்தை? இதோ, நம் முத்தழகி இருக்கிறாளே, அவள்கூட இந்தப் பூண்டைத் திரும்பிப் பார்க்க மாட்டாள்!"

முத்தழகி என்பது ராஜாவின் வெள்ளைப் பூனை. பட்டுத் திண்டில் படுத்திருக்கும். மந்திரிமார் எல்லாம் அதற்குக் கும்பிடு போட வேண்டும். அது யாருக்கும், ராஜாவுக்கும்கூட, தலை சாய்த்ததில்லை.

பூனையைப் பார்த்ததும் பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "பண்டிதரே, அந்த அம்மா இந்தச் செடிக்குத் தலை வணங்கிவிட்டால்?"

"வணங்கினால் ஒரு மாதம் உன் தோட்டத்துக்கு நானே தண்ணீர் சுமக்கிறேன்!"

பந்தயம் என்றதும் ராஜா அரிப்பையே மறந்துவிட்டார். "சபாஷ்! பூனை வணங்கினால் நானும் பூசிக்கொள்கிறேன். வணங்காவிட்டால் இன்றைக்கே உன் பாத்திகளை யானை மிதிக்கும். சம்மதமா?"

"சம்மதம், மகாராஜா."

மடியிலிருந்து செடியை எடுத்தாள். வேரை லேசாக நசுக்கித் தரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றாள்.

 முத்தழகியின் மூக்கு துடித்தது. திண்டிலிருந்து குதித்து வந்தது. வேரை முகர்ந்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் மடக்கி, நெற்றியைத் தரையில் வைத்துத் தேய்த்தது! அதோடு விட்டதா? வேரைக் கட்டிக்கொண்டு உருண்டது, புரண்டது, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது.

"சாஷ்டாங்கமாகவே விழுந்துவிட்டாளே!" என்று ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "இதென்ன மந்திரம்?"

"மந்திரமில்லை, மகாராஜா. இந்த வேர் வாசனைக்குப் பூனை மயங்கும். இதற்குப் பூனைவணங்கி என்றே இன்னொரு பெயர் உண்டு. நான் களை எடுத்தால் தெருப்பூனை அத்தனையும் வந்து நிற்கும். பாவம், பண்டிதர் மருந்தைப் பெட்டிக்குள் பொடியாகத்தான் பார்த்திருக்கிறார். கையால் ஒரு செடி பிடுங்கியிருந்தால் தெரிந்திருக்கும்."

பண்டிதர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை. "சரி, இன்றைக்குப் பச்சையாக இருக்கிறது. கோடையில் பாத்தி காய்ந்தால் என்ன செய்வாய்?"

"நிழலில் காயவைத்து, ஈரமில்லாத மண்கலயத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டி உறியில் தொங்கவிட்டிருக்கிறேன். போன கோடையில் வைத்தது இன்னும் வாசம் போகவில்லை. உங்கள் சரக்கையும் கொண்டுவாருங்களேன், பார்ப்போம்."

வைத்தியசாலையிலிருந்து வெள்ளிப்பெட்டிகள் வந்தன. ஈரத்தோடு அடைத்துவைத்த மூலிகையெல்லாம் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அன்று அந்தப்புரத்து அம்மியில் குப்பைமேனி அரைபட்டது. ராஜா தலைமுதல் கால்வரை பச்சையாகப் பூசிக்கொண்டு கிளிபோல உட்கார்ந்திருந்து, பிறகு வெந்நீரில் குளித்தார். நாலாம் நாள் அரிப்பு போன இடம் தெரியவில்லை. சபைக்கும் சேர்த்து நின்றுவிட்டது.

ராஜா சந்தோஷத்தில் குதித்தார். "இனி இந்தச் செடிக்குக் குப்பைமேனி என்ற பெயர் கூடாது. ராஜமேனி என்று பறை அறையுங்கள்!"

"வேண்டாம், மகாராஜா," என்று பூங்காவனம் கைகூப்பினாள். "ராஜமேனி என்றால் நாளைக்கு அதைச் சுற்றி வேலி வரும். மறுநாள் வேலிக்குக் காவல் வரும். அரிப்பெடுத்த ஏழை வாசலில் நின்று சொறிய வேண்டியதுதான். குப்பைமேனியாகவே இருக்கட்டும். எல்லோருக்கும் கிடைக்கும்."

 ராஜா பண்டிதரின் ஆணை ஓலையை வாங்கிக் கிழித்துப்போட்டார். "வீட்டுக்கு வீடு ஒரு பாத்தி போடட்டும். உனக்கு ஆற்றோரம் அரைக்காணி நிலம். போதுமா, தாயே?"

"போதும், மகாராஜா. ஆனால் நிலம் பெரிசாகிவிட்டதே, தண்ணீர்?"

சபை முழுவதும் திரும்பிப் பண்டிதரைப் பார்த்தது.

மறுநாள் காலை பட்டு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு பண்டிதர் குடம் சுமந்தார். முதல் வாரம் முணுமுணுத்தார். இரண்டாம் வாரம் எந்த இலை எது என்று கேட்டார். மாதம் முடிந்த அன்று குடத்தை இறக்கிவைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"அம்மா, இந்தத் தூதுவளையில் ஒரு கன்று கிடைக்குமா? என் வீட்டுக் கொல்லை சும்மாதான் கிடக்கிறது."

பூங்காவனம் இரண்டாகவே பிடுங்கிக் கொடுத்தாள்.